மூடிய ஆலையின் நிலம் யாருக்கு?

பெரம்பூர்ப் பின்னி ஆலையை நெசவாளர் யாவரும் அறிவர். 1996இல் அது மூடப்பட்டது. அந்நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன. இத்தகைய மாற்றத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டுமென்று கருதுகிறோம்.

பம்பாயில் 1991இல் ஒரு விதி செய்தனர். ஆலை நிலத்தில் புதிதாகக் கட்டினால், மூன்றில் ஒரு பங்கு நகரின் திறந்தவெளிக்கு; ஒரு பங்கு பொதுக் குடியிருப்புக்கு; எஞ்சியதே உடைமையாளருக்கு. நல்ல விதிதான். ஆனால் 2001ஆம் ஆண்டுத் திருத்தம், முன்பே காலியாகக் கிடந்த இடத்தை மட்டுமே பங்கிடச் சொல்லிற்று. ஆலை என்றாலே பெரும்பகுதி கட்டடந்தானே! அதை இடித்துப் பெறும் மனை கணக்கில் வரவில்லை. உச்ச நீதிமன்றமும் 2006இல் திருத்தம் செல்லும் என்றது. தொழிலாளர் வீட்டுக்கும் பூங்காவுக்கும் உரிய நிலம் சுருங்கிற்று.

கலைஞர் நிலையும் இதுவே. பழைய கொட்டகையில் வாடகை குறைவாதலால் குடியேறுவர்; இடத்துக்கு மதிப்பு ஏறியதும் வாடகை தாளாமல் வெளியேறுவர். நம் மாமல்லபுரம் சாலையில் 1966இல் தோன்றிய சோழமண்டலம் ஆலை நிலமன்று. எனினும் வழி காட்டுகிறது. அங்கே ஓவியர்கள் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் நிலத்தையே வாங்கிக்கொண்டனர்.