விறகுக் கட்டுக்குள் பொன்வண்டு

மிச்சிகனில் மகன் வீட்டுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “முகாம் போடும் பூங்கா வாசலில் ‘வெளியூர் விறகு கொண்டுவராதீர்கள்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். விறகில் அப்படி என்ன சார் இருக்கிறது?”

பொன்வண்டு இருக்கிறது. சிறு வயதில் தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலை போட்டு வளர்த்தோமே, அந்தக் குடும்பம்தான். ஆனால் இது ஒல்லி; நீளம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்; உடம்பெல்லாம் மின்னும் பச்சை. ஊர் கிழக்காசியா. 1990களில் சரக்குப் பெட்டிகளின் மரத்துக்குள் இருந்தபடி அமெரிக்கா வந்திருக்க வேண்டும். டெட்ராய்ட் பக்கம் ஆஷ் மரங்கள் பட்டுப்போய், காரணம் இந்த வண்டு என்று தெரிந்தது 2002இல். சரக்குப் பெட்டி மரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்க வேண்டும் என்ற பன்னாட்டு விதி பிறந்ததும் அதே ஆண்டில்தான்!

மரத்தைக் கொல்வது வண்டு அல்ல, புழு. பட்டைக்கு அடியில், உணவு இறங்கும் மென்படலத்தை வளைந்து வளைந்து தின்றுகொண்டே போகும். வளர்ந்து வண்டானதும் பட்டையைக் கடித்துத் துளைத்து வெளியே வரும். என்னை வியக்கவைப்பது அந்தத் துளைதான். வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் நேர்கோடு, மறுபக்கம் வளைவு. வண்டின் முதுகு தட்டை, வயிறு உருண்டை. தன் உடம்பு நுழையும் அளவுக்கு மட்டும் கடிக்கிறது. அகலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். அதுவும் முதலில் உச்சிக் கிளைகளில்தான் தோன்றும். அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது. கீழே நிற்பவர் கண்ணில் படும்போது மரம் பாதி செத்திருக்கும்.

பெரும்பாலான வண்டுகள் பிறந்த மரத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே முட்டையிட்டுவிடும். தானாகப் பறந்திருந்தால் இவ்வளவு தூரம் இவ்வளவு சீக்கிரம் பரவியிருக்காது. நாற்று வண்டியிலும் போனது, மரத்தடி லாரியிலும் போனது. ஆனால் யார் கண்ணிலும் படாமல் போனது விறகில்தான். பட்ட மரத்தை வெட்டிப் பிளந்து வீட்டோரம் அடுக்குகிறார்கள். ஆஷ் ஈரத்தோடும் நன்றாக எரியும் என்பதால் முகாமுக்குப் போகிறவர்கள் காரில் நாலு கட்டை போட்டுக்கொள்கிறார்கள். எரித்தது போக மிச்சத்தைக் காட்டிலேயே விட்டு வருகிறார்கள். ஆக, வண்டு கொன்ற மரமே வண்டுக்கு வண்டியாகிறது. உலர்ந்த கட்டைதானே என்று நம்பவும் முடியாது: சில புழுக்கள் வண்டாக இரண்டு வருடம் எடுத்துக்கொள்ளும்.

சில டாலர் மிச்சம் என்பதற்காக ஒரு காட்டையே பணயம் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எரிக்கும் ஊரிலேயே விறகை வாங்கினால் போதும். இல்லையென்றால், உட்பகுதி வரை 60 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கியதாகச் சான்று பெற்ற கட்டு வாங்கலாம். ஆஷ் மரத்தை நகர்த்த இருந்த கூட்டரசுத் தடை 2021இல் விலக்கப்பட்டது. இப்போது காவல் பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பு. அடுத்த ஆண்டே மேற்குக் கரையில், ஒரேகான் மாநிலத்தில் வண்டு தென்பட்டது.

கறுப்பு ஆஷ் கட்டையைச் சுத்தியால் அடித்தால் ஆண்டு வளையம் வளையமாகப் பட்டைநாடா போலப் பிரியும். பெரிய ஏரிகள் பக்கத்துப் பூர்வகுடிகள் அதில்தான் கூடை முடைகிறார்கள். இந்த வண்டு அந்த மரத்தையும் கொல்வதால், அதன் விதைகளை அவர்கள் இப்போது சேகரித்துப் பாதுகாத்து வருகிறார்கள்.