பின்பாலா, பேக்-மேனா? வீட்டுக்குள்ளே ஒரு ஆர்கேட் வைக்க ஆசைப்படுபவர்கள் கவனத்துக்கு!

விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் வளர்ந்த தலைமுறைக்கு 'பின்பால்' என்றதும் ஒரே ஒரு படம்தான் மனசில் ஓடும். விண்வெளி பேக்கிரவுண்ட், கீழே இரண்டு ஃப்ளிப்பர், நடுவில் தறிகெட்டு ஓடும் ஒரு வெள்ளிப் பந்து. 'ஸ்பேஸ் கேடட்' என்ற அந்த கேமை கம்ப்யூட்டர் கிளாஸில் டீச்சருக்குத் தெரியாமல் ஆடியவர்கள் நம்ம ஊரில் ஏராளம். ஆனா, அது வெறும் நிழல்தான். நிஜம் எப்படி இருக்கும் தெரியுமா? நாலு கால், கண்ணாடி மூடி, பின்னால் படம் போட்ட விளக்குப் பெட்டி, நூறு கிலோவுக்கு மேல் எடை. உள்ளே ஓடுவது சுமார் 80 கிராம் எடையுள்ள அசல் எஃகு குண்டு.

அந்த நிஜத்தை வீட்டுக்கே வாங்கிட்டுப் போய் வைப்பது அமெரிக்காவில் பெரிய பொழுதுபோக்கு. பேஸ்மென்ட், கராஜ், சாப்பாட்டு அறை என எங்கே இடம் கிடைத்தாலும் மெஷின்தான். இவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு பின்பால் மட்டும்தான் உயிர். இன்னொரு கட்சிக்கு பேக்-மேன், டாங்கி காங், கலாகா மாதிரியான ஆளுயர ஆர்கேட் வீடியோ கேம் பெட்டிகள். இரண்டும் காசு போட்டு ஆடும் மெஷின்கள்தானே, என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவை கேட்கும் உழைப்பு, செலவு, இடம் எல்லாமே வேற வேற. நம்பி இறங்கி கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க, இரண்டின் ஜாதகத்தையும் முதலில் பார்த்துவிடுவோம்.

சூதாட்டம் என்று உடைக்கப்பட்ட மெஷின்

பின்பாலின் சொந்த ஊர் சிகாகோ. காட்லீப், பாலி, வில்லியம்ஸ் என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் அங்கேதான். ஆரம்பகால மெஷின்களில் ஃப்ளிப்பரே கிடையாது. ஸ்பிரிங்கை இழுத்து பந்தை விட்டால், அது ஆணிகளில் முட்டி மோதி எங்கேயாவது விழும். அவ்ளோதான். அதனால் இது திறமை இல்லை, சூதாட்டம் என்று சொல்லி 1942-ல் நியூயார்க் மேயர் லா கார்டியா தடை போட்டார். போலீஸ் மெஷின்களைப் பறிமுதல் செய்து சம்மட்டியால் உடைத்தார்கள். மேயரே சம்மட்டியோடு போஸ் கொடுத்தார்.

1947-ல் காட்லீப் கம்பெனி 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற மெஷினில் முதன்முறையாக ஃப்ளிப்பரைப் பொருத்தியது. இப்போது பந்து எங்கே போக வேண்டும் என்று ஆடுபவர் தீர்மானிக்கலாம். ஆனாலும் நியூயார்க் தடை நீங்க 1976 வரை ஆனது. அந்த வருஷம் ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் நகர கவுன்சில் கமிட்டி முன்னால் ஒரு மெஷினை ஆடிக் காட்டினார். 'இந்தப் பந்து நடு வழியில் இறங்கும்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு பிளங்கரை இழுத்தார். சொன்ன இடத்திலேயே இறங்கியது. தடை போச்சு. ஒரே ஒரு பந்து தப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்பவும் பக்கென்று இருக்கிறது!

ஆர்கேட் வீடியோ கேமுக்கு இவ்வளவு நீண்ட பூர்வகதை இல்லை. 1972-ல் அட்டாரியின் பாங், 1978-ல் டைட்டோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-ல் நாம்கோவின் பேக்-மேன். பத்தே வருஷத்துக்குள் பின்பாலை ஓரங்கட்டிவிட்டது. 92-ல் வந்த 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' பின்பால் 20,270 மெஷின்கள் விற்று ஒரு சாதனை படைத்தது. ஆனாலும் சரிவு நிற்கவில்லை. 1999-ல் வில்லியம்ஸ் பின்பால் தயாரிப்பையே மூடிவிட்டது. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கும் மேல் பெரிய அளவில் பின்பால் தயாரித்தது ஸ்டெர்ன் என்ற ஒரே கம்பெனிதான். அப்போது இந்த மெஷின்களைத் தூக்கி நிறுத்தியது கடைக்காரர்கள் மட்டுமில்லை. வீட்டில் வாங்கி வைத்த சேகரிப்பாளர்களும்தான்.

பின்பால்: தினம் தேயும் ஒரு எந்திரம்

பின்பாலின் உள்ளே எட்டிப் பார்த்தால் தலை சுத்தும். மைல் கணக்கில் யோசிக்கிற அளவுக்கு வயர், நூற்றுக்கணக்கான பல்பு, ஸ்விட்ச், ரப்பர் வளையம். இதில் உயிர்நாடி ஃப்ளிப்பர். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், ரிப்பேர் ஏன் இவ்வளவு வருது என்பது புரிந்துவிடும்.

பட்டனை அமுக்கியதும் ஒரு செப்புக் காயிலில் மின்சாரம் பாய்ந்து, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை வெடுக்கென்று இழுக்கிறது. ஃப்ளிப்பர் மேலே எழும்புகிறது. பல மெஷின்களில் அந்தக் காயிலில் இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்று பலமாக இழுக்க, இன்னொன்று லேசாகப் பிடித்து வைக்க. ஃப்ளிப்பர் முழுசாக எழுந்ததும் ஒரு குட்டி ஸ்விட்ச் திறந்து, பலமான சுற்றை ஓரங்கட்டிவிடும். நீங்கள் பட்டனை எவ்வளவு நேரம் அமுக்கிப் பிடித்திருந்தாலும் காயில் சூடாகாமல் இருப்பது இதனால்தான். அந்தச் சின்ன ஸ்விட்ச் கரி படிந்தோ வளைந்தோ சரியாகத் திறக்காவிட்டால், காயில் கருகும். வீடு முழுக்க எரிந்த வார்னிஷ் வாசனை வரும். 200 ரூபாய்கூட பெறாத ஒரு பித்தளைத் தகடு செய்யும் வேலை இது.

இது ஒரு உதாரணம்தான். பந்து ஒவ்வொரு முறை ஓடும்போதும் எதையாவது தேய்க்கிறது. ரப்பர் வெடிக்கும். பந்தில் கீறல் விழுந்தால் அது உப்புத்தாள் மாதிரி ஆகி, படம் வரைந்த மரப்பலகையையே சுரண்ட ஆரம்பிக்கும். அதனால் விவரமானவர்கள் பந்தை அடிக்கடி மாற்றுவார்கள், பலகையைத் துடைத்து மெழுகு பூசுவார்கள். பலகையின் சாய்வு வழக்கமாக 6.5 டிகிரி இருக்க வேண்டும். பக்கவாட்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் துளிகூட சரியக் கூடாது. கொஞ்சம் தப்பினாலும் பந்தெல்லாம் ஒரே பக்கம் போய் விழும்.

ஒரு நல்ல விஷயம் சொல்லணும்னா, இந்தக் கோளாறுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றி, பலகையைத் தூக்கி நிறுத்தினால் எந்த வயர் அறுந்தது, எந்த ஸ்விட்ச் வளைந்தது என்று பார்த்துவிடலாம். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிஞ்சது. சைக்கிளைப் பிரித்து மாட்டுவதில் சந்தோஷப்படும் ஆட்களுக்கு இது செம தீனி. 'சண்டே ஆனா ரிலாக்ஸா ஆடணும், ஸ்க்ரூ டிரைவரைத் தொட மாட்டேன்' என்பவர்களுக்கு இது சத்தியமாக சரிப்படாது.

ஆர்கேட் பெட்டி: ஒருநாள் பொசுக்கென்று போகும்

ஆர்கேட் பெட்டிக்குள் அசையும் பாகம் மிகக் குறைவு. ஜாய்ஸ்டிக், பட்டன், காசு போடும் கதவு. மற்றதெல்லாம் ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு பவர் சப்ளை, ஒரு பிக்சர் டியூப். பேக்-மேனை இயக்கியது சுமார் 3 மெகாஹெர்ட்ஸில் ஓடிய இசட்-80 சிப். மாதக்கணக்கில் தொடாமல் விட்டாலும் ஸ்விட்ச் போட்டால் ஓடும். அப்படி ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று, ஒருநாள் காலையில் பொசுக்கென்று இருண்டுவிடும். ஏன் என்று வெளியிலிருந்து பார்த்து ஒன்றுமே சொல்ல முடியாது.

பிரச்னையின் மையம் பிக்சர் டியூப். பழைய டிவி ரிப்பேர் கடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கெப்பாசிட்டர்கள் வருஷக்கணக்கில் காய்ந்துபோகும், படம் சுருங்கும், நெளியும். மாற்றிவிடலாம்தான். ஆனால் அந்த டியூபில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே இருக்கலாம். முறையாக டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர்கள் கை வைக்கவே கூடாது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை இல்லை இது. பின்பாலிலும் ஷாக் அடிக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் இந்த அளவுக்கு மிரட்டுவது டியூப்தான்.

சரி, தூக்கிப் போட்டுவிட்டு எல்சிடி வைத்தால் என்ன? இங்கேதான் சேகரிப்பாளர்கள் சண்டை போடுவார்கள். 1979-ல் வந்த ஆஸ்ட்ராய்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திரை புள்ளிகளால் படம் காட்டுவதில்லை, ஒளிக்கற்றையே பேனா மாதிரி கோடு கோடாக வரையும். குண்டு பாயும்போது அந்த ஒரு புள்ளி இருட்டறையில் தகதகவென்று எரியும். அதை எல்சிடியில் போட்டுப் பார்த்தால் வெறும் வெள்ளைக் கோடு. பழைய பேக்-மேன் டியூப்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. வருஷக்கணக்கில் ஒரே படம் ஓடியதால், மெஷினை அணைத்த பிறகும் அந்தப் புதிர்ப்பாதை கண்ணாடியில் பேய் மாதிரி தெரியும். இந்த வகைப் புது டியூப்களை இப்போது தயாரிப்பதில்லை. இருப்பதை வைத்து ஓட்ட வேண்டியதுதான்.

90-களின் கேப்காம் போர்டுகளில் வேறொரு சிக்கல். கேமின் ரகசியச் சாவி ஒரு பேட்டரியின் தயவில் இயங்கும் மெமரியில் இருந்தது. பேட்டரி செத்தால் சாவி அழியும், போர்டும் செத்தது. சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்த பெயரே 'தற்கொலை பேட்டரி'. அப்படிச் செத்த போர்டுகளை உயிர்ப்பிக்கும் வழியைப் பிறகு இந்த ஆர்வலர்களே கண்டுபிடித்தார்கள். கம்பெனி செய்யவில்லை என்பதைக் கவனிக்கணும்.

நகல் எடுக்க முடியுமா?

என்னைக் கேட்டால் இரண்டுக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. 1997-ல் நிக்கோலா சால்மோரியா என்ற இத்தாலியர் 'மேம்' என்ற மென்பொருளைத் தொடங்கினார். பழைய ஆர்கேட் போர்டுகளைக் கம்ப்யூட்டருக்குள் அப்படியே நடிக்க வைப்பது அதன் வேலை. இன்று ஒரு உள்ளங்கையளவு கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான கேம்களை ஓட்டலாம் (காப்புரிமை விவகாரம் தனி!). 2018-லிருந்து ஆர்கேட்1அப் என்ற கம்பெனி முக்கால் உயரப் பெட்டிகளை சில நூறு டாலருக்கு விற்கிறது. இடமும் மிச்சம், காசும் மிச்சம்.

இதனால் ஒரு இழப்பும் நடந்தது. உள்ளே இருக்கும் போர்டு, டியூப் எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டு, கம்ப்யூட்டரைச் சொருகினார்கள் சிலர். பழைய பெட்டிகள் பல அப்படி வெறும் கூடாகிவிட்டன. ஓடும் நிலையில் இருந்த அசலைக் குடைந்து போடுவதைப் பார்த்தால் பழைய சேகரிப்பாளர்களுக்கு ரத்தம் கொதிக்கும். ஏற்கெனவே செத்துப்போன பெட்டியில் செய்தால் தப்பில்லை என்பது என் கட்சி.

பின்பாலுக்கு இந்த வேலை நடக்காது. டிவியைப் படுக்கப் போட்டு 'விர்ச்சுவல் பின்பால்' செய்பவர்கள் இருக்கிறார்கள், பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் பந்தின் எடை கையில் தெரியாது. நிஜ மெஷினை லேசாக இடுப்பால் தட்டி பந்தைத் திருப்புவது ஒரு கலை. ரொம்பத் தட்டினால் உள்ளே தொங்கும் ஊசல் வளையத்தில் இடித்து, 'டில்ட்' என்று ஆட்டத்தையே நிறுத்திவிடும். அசல் இல்லாமல் இதை அனுபவிக்க வழியில்லை, விலையும் அதனால்தான் இறங்குவதில்லை. ஸ்டெர்னின் புது மெஷின் ஆரம்ப மாடலே சுமார் 7,000 டாலர். நல்ல நிலையில் இருக்கும் ஆடம்ஸ் ஃபேமிலிக்கு முப்பது வருஷம் கழித்தும் புதுசுக்கு இணையாக விலை சொல்கிறார்கள். ஆர்கேட் பெட்டிகளில் அசல் பேக்-மேன்கூட பொதுவாக இதைவிட ரொம்ப மலிவு.

வீட்டில் யார் ஆடப் போகிறார்கள்?

வாங்கும் முன் கேட்க மறக்கும் கேள்வி இது. ஆர்கேட் கேம்கள் உங்கள் காசைப் பிடுங்க வடிவமைக்கப்பட்டவை. மூன்று நிமிஷத்தில் தோற்கடித்து அடுத்த காசைப் போட வைப்பதுதான் நோக்கம். வீட்டில் காசே போட வேண்டாம் என்றதும் அந்தப் பதற்றம் போய்விடுகிறது. பேக்-மேனில் பேய்களின் நகர்வு ஒரே மாதிரி இருப்பதால், பாதைகளை மனப்பாடம் செய்து ஆடலாம். 256-வது லெவலில் கணக்கு நிரம்பி பாதித் திரை குப்பையாகிவிடும், அதற்கு மேல் கேமே கிடையாது. பின்பாலில் ஒரே மாதிரி இரண்டு பந்து ஓடாது. பல வருஷம் ஆடினாலும் சலிக்கவில்லை என்று சொல்பவர்கள் அதிகம் பின்பால் கட்சிதான்.

ஆனால் குழந்தைகள், விருந்தாளிகள் என்று வரும்போது கதை மாறும். பின்பாலில் நாலு பேர் ஆடலாம்தான், வரிசையில் நின்று. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் அடித்துக்கொள்ளலாம். எட்டு வயசுப் பையனுக்கு அதுதான் கொண்டாட்டம். இட விஷயத்திலும் ஆர்கேட் ஜெயிக்கிறது. 1985-ல் வந்த 'ஜாமா' என்ற பொது இணைப்பு முறையால், ஒரே பெட்டியில் போர்டை மட்டும் மாற்றி வேறு கேம் ஆடலாம். பத்து பின்பால் வேண்டுமென்றால் பத்து மெஷின் வைக்க இடம் வேண்டும். சத்தம் வேறு. ஃப்ரீ கேம் கிடைத்தால் உள்ளே ஒரு தண்டு பெட்டியில் 'டக்'கென்று அடிக்கும். இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் ராத்திரி பத்து மணிக்கு அது கேட்டால் கீழ் வீட்டு ஆன்ட்டி மேலே வந்துவிடுவார்!

தூக்கிப் போவதில் மட்டும் பின்பால் சமர்த்து. போல்ட்டைக் கழற்றினால் கால்கள் நாலும் வந்துவிடும், பெரும்பாலான மெஷின்களில் பின்பெட்டி மடங்கும். வேனில் படுக்க வைத்துவிடலாம். கிளம்பும் முன் பந்துகளை வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளேயே உருண்டால் எதையாவது உடைக்கும். ஆர்கேட் பெட்டி மடங்காது. வாங்குவதற்கு முன்பே உங்கள் வீட்டு நிலைவாசலின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து இங்கே வரவழைக்கும் எண்ணம் இருந்தால், அங்கே 120 வோல்ட், நம்மிடம் 230 என்பதை மறக்கக் கூடாது. பல மெஷின்களின் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றி இணைக்க வசதி உண்டு. அதை எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகே பிளக்கைச் சொருக வேண்டும்.

எதை வாங்கினாலும் பழசு என்றால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. 70-களின் கடைசியிலிருந்து வந்த பின்பால் போர்டுகளில் ஸ்கோரை ஞாபகம் வைக்க பேட்டரி உண்டு. அது கசிந்து பச்சை பூத்திருந்தால், அரித்த செம்பு வழிகள் எல்லாவற்றையும் சரி செய்யும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். அடுத்து, மெஷினை உங்கள் கண் முன்னால் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் ஒழுங்காக ஓடி, சூடானதும் கோளாறு காட்டுபவை நிறைய. 'ஃபியூஸ் மட்டும்தான் போயிருக்கு, மாத்தினா ஓடும்' என்று யாராவது சொன்னால், அதை அவரே மாற்றி ஓட்டிக் காட்டட்டும்.