கட்சி கைவிட்ட கோமகள்

ஹிட்லரின் ‘எனது போராட்டம்’ நூலின் சுருக்கப்பட்ட ஆங்கிலப் பதிப்புதான் 1930களின் பெரும்பகுதியில் பிரிட்டனில் கிடைத்தது. போர்வெறி கக்கும் பல பகுதிகள் அதில் விடுபட்டிருந்தன. ஜெர்மன் மூலத்தோடு ஒப்பிட்டு அதை அம்பலப்படுத்தியவர்களில் ஒருவர், ஆளுங்கட்சியின் எம்.பி.யான அத்தோல் கோமகள் கேத்தரின் ஸ்டூவர்ட்-மரே.

1874இல் எடின்பரோவில் பிறந்தவர். தந்தை வரலாற்றாசிரியர், மகளோ இலண்டன் ராயல் இசைக் கல்லூரியில் பயின்றார். கணவர் 1917இல் அத்தோல் கோமகனாக, பிளேர் கோட்டை இவர் வீடானது. பெண்களுக்கு ஓட்டுரிமை தருவதை ஒரு காலத்தில் எதிர்த்தவர், 1923இல் ஸ்காட்லாந்து தேர்ந்தெடுத்த முதல் பெண் எம்.பி. ஆனார். மறு ஆண்டே கல்வித் துறையில் துணைப் பொறுப்பு. கன்சர்வேட்டிவ் அரசில் பதவி வகித்த முதல் பெண்ணும் அவரே.

இந்தியாவுக்கு ஓரளவு சுயாட்சி தந்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் மூர்க்கமாக எதிர்த்தார். இந்தியர்களான நமக்கு அது உறுத்தத்தான் செய்யும், உறுத்தட்டும். அவருடைய நீதியுணர்வு ஐரோப்பாவில் கண்டதை இந்தியாவில் காணவில்லை.

ஐரோப்பாவில் அவர் கண்டது ஸ்பெயின். 1937 ஏப்ரலில் உள்நாட்டுப் போருக்கு நடுவே அங்கே போனார். உடன் வந்த எம்.பி.க்களில் எலன் வில்கின்சன் தொழிற்கட்சிக்காரர். எலினர் ராத்போன் சுயேச்சை. குண்டுவீச்சுக்கு ஆளான நகரங்களைப் பார்த்துத் திரும்பிய கோமகள், ஸ்பெயின் நிவாரணக் கூட்டுக்குழுவின் தலைவராக உழைத்தார். மே மாதம் ‘ஹபானா’ கப்பலில் போரிலிருந்து தப்பிய ஏறத்தாழ 4,000 பாஸ்க் குழந்தைகள் சவுத்தாம்ப்டனில் வந்து இறங்கினார்கள். பராமரிப்புக்கு பிரிட்டிஷ் அரசு காசு தர மறுத்தது. பொதுமக்களின் நன்கொடைதான் அவர்களைக் காத்தது. ஸ்பெயின் குடியரசின் பக்கம் நின்றதற்காக ‘சிவப்புக் கோமகள்’ என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. கம்யூனிசம் அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தத்தை 1938இல் எதிர்த்தார். தொகுதிக் கட்சி அமைப்பு வேறு வேட்பாளரைத் தேட, அவரே பதவி விலகி இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்றார். சர்ச்சில் ஆதரவுக் கடிதம் அனுப்பினார். டிசம்பர் 21, பனி கொட்டிய நாளில் வாக்குப்பதிவு நடந்தது. 1,313 வாக்கு வித்தியாசத்தில் தோல்வி. மூன்றே மாதத்தில் ஹிட்லரின் படை செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகாவுக்குள் நுழைந்தது.

போருக்குப் பின், கிழக்கு ஐரோப்பாவை சோவியத் அடக்கியாண்டபோது அதையும் எதிர்த்துப் பிரசாரம் செய்தார். 1960இல் மறைந்தார். 1938 தோல்விக்குப் பின் அவர் மீண்டும் எம்.பி. ஆகவே இல்லை.