குன்னூரில் மணந்த தேநீர் பெங்களூருவில் மங்குவது ஏன்? வீட்டிலேயே தேயிலையை ஒப்பிட்டறியும் முறை

பெங்களூரு: நீலகிரிக்குச் சுற்றுலா சென்று திரும்பும் பெங்களூரு குடும்பங்களின் பையில் குன்னூரிலோ உதகையிலோ வாங்கிய தேயிலைப் பொட்டலம் ஒன்று இருப்பது வழக்கம். அங்கே கடையில் சுவைத்தபோது மணந்த அதே தேயிலை, இங்கே வீட்டு அடுப்பில் கொதித்ததும் நிறம் மங்கி, மணம் குன்றிவிடுவதாகக் குறைப்படுவோர் பலர். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் தேயிலையைக் குறைகூறும் முன் தண்ணீர், அளவு, நேரம், பால் ஆகிய நான்கையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இதில் வீட்டுச் செலவும் அடங்கியிருக்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு இரண்டு கோப்பை தேநீர் அருந்துவதாகவும், கோப்பைக்கு 2.5 கிராம் தூள் செலவாவதாகவும் கொண்டால், மாதத்துக்கு 600 கிராம் தேவைப்படும். கிலோவுக்கு 200 ரூபாய் கூடுதலான தேயிலைக்கு மாறினால் மாதச் செலவு 120 ரூபாய் உயரும். அந்த 120 ரூபாய்க்கு நாக்கு உணரக்கூடிய வேறுபாடு கிடைக்கிறதா என்பதை விளம்பரத்தை நம்பாமல் வீட்டிலேயே அறிந்துகொள்ள முடியும்.

தண்ணீரே முதல் சோதனை

தேநீரில் மிகப் பெரும்பகுதி தண்ணீர்தான். பெங்களூருவில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் காவிரி நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், டேங்கர் லாரி நீர் என மூன்று வகை நீர் வந்து சேரலாம். அதன் மேல் சமையலறையில் ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி வேறு. 2024ஆம் ஆண்டு கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது நகரின் பல பகுதிகள் டேங்கர்களையே நம்பியிருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டு, மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 110 கிராமப் பகுதிகளுக்கு ஆற்று நீர் செல்ல வழி ஏற்பட்டது. தூளை மாற்றாமலேயே தேநீரின் சுவை மாறியதாக ஒரு வீட்டில் உணர்ந்தால், குழாயில் வரும் நீர் மாறியிருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

நிலத்தடி நீரில் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் உப்புகள் மிகுந்திருந்தால் அது கடின நீர் எனப்படும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 விதிப்படி குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 வரை அனுமதி உண்டு. 600 மில்லிகிராம் நீர் குடிப்பதற்கு விலக்கப்பட்டதன்று. ஆனால் நல்ல தேயிலைக்கு அது பகை. கடின நீரில் தேநீரின் நிறம் அடர்ந்து மங்கும், துடிப்பு குறையும், ஆறும்போது மேற்பரப்பில் எண்ணெய்போல் மெல்லிய படலம் படியும். நீரின் கடினத்தன்மை கூடக்கூட இந்தப் படலம் வலுப்பெறுவதைச் சூரிச் நகரிலுள்ள சுவிட்சர்லாந்து கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2021இல் பதிவு செய்தனர். பால் சேர்த்தால் படலம் கண்ணுக்கு மறையும். ஆனால் இழந்த சுவை திரும்பாது. மலையோடை நீர் பொதுவாக மென்மையானது. குன்னூரில் மணந்தது பெங்களூருவில் மங்குவதற்கு முதன்மையான விளக்கம் இதுவே.

பிரிட்டனில் கடின நீர்ப் பகுதிகளுக்கென்றே ‘யார்க்‌ஷயர் டீ’ நிறுவனம் தனிக் கலவை விற்கிறது. எனவே, ஒரு கலவை எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை.

சோதனை எளிது. ஒரே தூளை ஒரே அளவில் எடுத்து, குழாய் நீரில் ஒன்று, ஆர்.ஓ. நீரில் ஒன்று எனப் பாலின்றி இரண்டு கோப்பை தயாரித்து, வெள்ளைக் கிண்ணங்களில் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வேறுபாடு பளிச்சென்று தெரிந்தால், புதிய தேயிலை தேடுவதை அப்போதே நிறுத்திவிடலாம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் பெங்களூரு இருப்பதால், இங்கு நீர் சுமார் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. சென்னையில் 100 டிகிரி. எனினும் இந்த 3 டிகிரியை ஈடுகட்ட அரை நிமிடம் கூடுதலாக ஊறவைத்தால் போதும். உதகையில் நீர் இன்னும் தாழ்ந்த வெப்பத்தில் கொதித்தும் அங்கே தேநீர் மணக்கிறது. ஆகவே பழியை உயரத்தின் மீது போடுவதற்கில்லை.

தூளும் இலையும்: கரண்டி செய்யும் ஏமாற்று

தென்னிந்திய வீடுகளில் பெரும்பாலும் புழங்குவது ‘டஸ்ட்’ எனப்படும் தூள் தேயிலை. 1930களில் அசாமில் உருவான சி.டி.சி. முறையில், பற்கள் கொண்ட உருளைகளுக்கிடையே இலை நசுக்கப்பட்டு, கிழிக்கப்பட்டு, சுருட்டப்படுகிறது. துகள் சிறுக்கச் சிறுக்க நீர் படும் பரப்பு கூடுவதால் நிறமும் கடுமையும் விரைவில் இறங்கும். பாலைத் தாங்கும் வலுவும் கிடைக்கும். ‘ஆர்த்தடாக்ஸ்’ எனப்படும் முறையில் இலை முறுக்கப்படுகிறதே தவிர, நொறுக்கப்படுவதில்லை. அதன் சாறு மெதுவாக இறங்கும், மணம் மிகும், பாலில் போட்டால் காணாமற்போகும். சுற்றுலாத் தலங்களில் உயர்ந்த விலைக்கு வாங்கும் நீலகிரித் தேயிலை பலவும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதைச் சரிபாதிப் பாலில் கொதிக்க வைத்துவிட்டு மணமில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

கடுமையும் தரமும் ஒன்றல்ல. தேயிலை புளிக்கும்போது உருவாகும் தியாஃபிளேவின் என்னும் பொருள் பொன்னிறப் பளபளப்பையும் நாவைத் தட்டியெழுப்பும் துடிப்பையும் தருகிறது. தியாரூபிஜின் செம்பழுப்பு நிறத்தையும் கனத்தையும் தருகிறது. வெறும் கறுப்பாக இறங்கும் சாறு வலுவானதாகத் தோன்றலாம். ஆனால் அதில் துடிப்பு இல்லாதிருக்கலாம்.

ஒப்பிடும்போது பலரும் இடறுவது கரண்டியில்தான். தூள் நெருக்கமாக அடையும். இலை பொங்கி நிற்கும். ஒரு கரண்டித் தூளும் ஒரு கரண்டி இலையும் எடையில் ஒன்றாக இரா. சமையலறைத் தராசு இல்லாமல் இவ்விரண்டையும் ஒப்பிடுவது நியாயமாகாது.

சுவைப்பாளர்களின் அளவுகோல்

தேயிலை ஏலத்துக்கு முன் மாதிரிகளைச் சுவைத்து மதிப்பிடுவது தொழில்முறைச் சுவைப்பாளர்களின் பணி. 1963 முதல் ஏலம் நடந்துவரும் குன்னூரிலும் அதுவே நடைமுறை. சுவைச் சோதனைக்குத் தேநீர் தயாரிக்கும் முறையை ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் பன்னாட்டுத் தர விதி வரையறுத்துள்ளது. 1980இல் வெளியான இவ்விதி 2019இல் திருத்தப்பட்டது. 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, மூடிய பீங்கான் பாத்திரத்தில் 6 நிமிட ஊறல், அவ்வளவே. இதற்கு முன்னோடியான பிரிட்டன் விதிக்கு 1999இல் நகைச்சுவைக்கான ‘இக் நோபல்’ பரிசு கிடைத்தது. தேநீர் போட ஆறு பக்க விதியா என்று உலகம் சிரித்தது. ஆனால் இரண்டு தேயிலைகளை நேர்மையாக ஒப்பிட இதைவிட எளிய வழி இல்லை.

இவ்விதி சுவையான தேநீருக்கானதன்று, வேறுபாட்டைக் காட்டுவதற்கானது. 6 நிமிடத்தில் குறைகளும் வெளிப்படும். வடித்தபின் சாற்றின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஊறிய சக்கையை முகர வேண்டும். கரண்டியால் எடுத்து ஓசை எழ உறிஞ்ச வேண்டும். காற்றோடு உறிஞ்சும்போது மணம் தொண்டை வழியே மூக்கை எட்டும். காரமான சிற்றுண்டிக்குப் பின் இதைச் செய்ய வேண்டாம்.

இரண்டாம் சுற்றில், வீட்டில் வழக்கமாகப் போடும் விதத்திலேயே பாலும் சர்க்கரையும் சேர்த்து ஒப்பிடலாம். அப்போது எல்லாக் கோப்பைக்கும் ஒரே பால் இருக்க வேண்டும். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், முழுக்கொழுப்புப் பாலில் 6 சதவீதம். பாலிலுள்ள கேசின் புரதம் தேநீரின் துவர்ப்புப் பொருள்களைப் பிணைத்துக்கொள்வதால், பாலின் அளவு மாறினாலே துவர்ப்பும் மாறிவிடும்.

பெயரை மறைத்துச் சுவையுங்கள்

உறையின் நிறமும் பழக்கமும் நாவை ஏய்க்கும். இதற்கு விடை புள்ளியியலில் உள்ளது. முதலில் பால் ஊற்றியதா, தேநீர் ஊற்றியதா என்பதைச் சுவைத்தே சொல்ல முடியும் என்றார் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய மியூரியல் பிரிஸ்டல். அதைச் சோதிக்க அவருடைய சக ஆய்வாளர் ரொனால்ட் ஃபிஷர் எட்டுக் கோப்பைகளை முன்வைத்தார்; நான்கு ஒருவிதம், நான்கு மற்றொரு விதம். 1935இல் வெளியான தமது நூலில் ஃபிஷர் இந்தச் சோதனையைக் கொண்டே ஆய்வு வடிவமைப்பை விளக்கினார். எட்டையும் வெறும் ஊகத்தால் சரியாகப் பிரிக்கும் வாய்ப்பு 70இல் ஒன்று மட்டுமே.

வீட்டில் ஆறு சிறு டம்ளர்கள் போதும். மூன்றில் பழைய தேயிலை, மூன்றில் விலை கூடிய புதியது. ஒருவர் டம்ளரின் அடியில் குறியிட்டு வரிசையைக் கலைக்க, மற்றவர் சுவைத்துப் பிரிக்கட்டும். ஊகத்தால் முழுதும் சரியாகும் வாய்ப்பு 20இல் ஒன்று. குடும்பத்தில் எவராலும் பிரிக்க முடியவில்லை என்றால், மாதம் 120 ரூபாயை வேறு எதற்கேனும் செலவிடலாம். ஆனால் ஒரு கோப்பைக்கு எத்தனை கிராம் தேவைப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிலோ 500 ரூபாய்த் தேயிலையில் 3 கிராம் போட்டால் கோப்பைக்கு 1.50 ரூபாய், கிலோ 700 ரூபாய்த் தேயிலையில் 2 கிராம் போதுமானால் 1.40 ரூபாய்.

ஒரே அமர்வில் பல கோப்பைகளை முழுதாகப் பருக வேண்டாம். ஒரு கோப்பைத் தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை காஃபீன் உள்ளதாகவும், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் கூறுகிறது. உடல் இரும்புச் சத்தை ஏற்பதைத் தேநீர் குறைப்பதால், உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தவிர்க்குமாறும் அது அறிவுறுத்துகிறது.

மிகையான நிறம் இறங்கினால்

பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயத்தையும் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறங்களையும் கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடை செய்தது. தேயிலையிலும் செயற்கை நிறம் சேர்க்க அனுமதி இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் கூறும் வீட்டுச் சோதனை இது: வடிதாளில் சிறிது தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும், பின்னர் தாளைக் குழாய் நீரில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தூய தேயிலை கறை விடாது; சாயம் கலந்தது உடனே கறை விடும்.

தூளின் மேல் காந்தத்தை நகர்த்தினால் இரும்புத் துகள் ஒட்டக்கூடும். சி.டி.சி. உருளைகளின் தேய்மானத்தாலும் சிறிதளவு இரும்பு சேரும் என்பதால், கிலோவுக்கு 150 மில்லிகிராம் வரை ஆணையம் வரம்பு வகுத்துள்ளது. ஆகவே காந்தத்தில் ஓரிரு துகள் ஒட்டுவது மட்டுமே கலப்படத்துக்குச் சான்றாகாது. ஐயம் வலுத்தால், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரியைச் சோதனைக்குக் கொடுக்கலாம். விதிமீறல் உறுதியானால் அக்கட்டணம் திருப்பித் தரப்படும்.