துடுப்பில் ஒரு துணுக்கு போதும்

சான் பிரான்சிஸ்கோ நகரின் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்துக்கு 1938இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தது ஒரு நுரையீரல் மீன். அத்திப்பழத்தை விரும்பித் தின்னும் அதற்கு மெத்தூசலா என்று பெயர். வந்தபோது அதன் வயது யாருக்கும் தெரியாது. 2023இல் அதன் துடுப்பிலிருந்து அரை சதுர சென்டிமீட்டருக்கும் குறைவான துணுக்கை எடுத்து ஆராய்ந்தவர்கள், வயது 92 இருக்கும், ஒன்பது ஆண்டுகள் முன்பின் ஆகலாம் என்றார்கள்.

மீனின் வயதை அறியப் பழகிய வழி செவிக்கல். தலைக்குள் இருக்கும் அந்தச் சிறு சுண்ணாம்புக் கல்லில் ஆண்டுதோறும் வளையம் கூடும். அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். ஆனால் கல்லை எடுக்க மீனைக் கொல்ல வேண்டும். அருகிவரும் மீனுக்கு இது அநியாயம். நுரையீரல் மீனின் செவிக்கல்லிலோ எண்ணத்தக்க வளையங்களே இல்லை.

கொல்லாமல் வயதை அறியும் வழி டிஎன்ஏவில் இருக்கிறது. அதில் சைட்டோசின் என்னும் அலகை அடுத்து குவானின் என்னும் அலகு வரும் இடங்களில் மீத்தைல் என்னும் சிறு வேதித் தொகுதி ஒட்டிக்கொள்ளும். வயது ஏற ஏற இது சில இடங்களில் கூடும், சில இடங்களில் குறையும். மனிதருக்கு இப்படி 353 இடங்களை வைத்து மரபியலாளர் ஸ்டீவ் ஹார்வத் 2013இல் வயதைக் கணித்தார். மீனிலும் அதே முறைதான். டிஎன்ஏவை பைசல்பைட் என்னும் வேதிப்பொருளோடு வினைபுரிய வைத்தால் மீத்தைல் ஒட்டாத சைட்டோசின் யுராசிலாக மாறிவிடும். ஒட்டியது அப்படியே நிற்கும். பிறகு வரிசையைப் படித்தால் எந்த இடத்தில் எவ்வளவு மீத்தைல் என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க, வயது தெரிந்த மீன்கள் முதலில் வேண்டும். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவன விஞ்ஞானிகளுக்கு அணுகுண்டுச் சோதனைகள் உதவின! 1950, 60களில் காற்றில் பெருகிய கார்பன்-14 மீனின் செதில்களிலும் பதிந்திருந்தது. அதிலிருந்து கிடைத்த வயதுகளைக் கொண்டு 2021இல் நுரையீரல் மீனுக்கான கணக்கை வெளியிட்டார்கள். மிக முதிய மீன்கள் மாதிரியில் குறைவு என்பதால் மெத்தூசலாவின் வயதைத் துல்லியமாகச் சொல்வது கடினம்.

குவீன்ஸ்லாந்தின் பர்னெட், மேரி ஆறுகள் இவ்வகை மீனின் சொந்த ஊர். ஆழமில்லாத நீரில் வளரும் செடிகளில் அது முட்டையிடும். அணை கட்டி நீர்மட்டம் ஏறி இறங்கினால் அந்த இடம் கெடும். நெடுங்காலம் வாழும் மீன் என்பதால், இருபது முப்பது ஆண்டுகள் குஞ்சே பிழைக்காவிட்டாலும் ஆறு மீன்களால் நிறைந்தே தெரியும். பெரிய மீனின் நீளத்தைப் பார்த்தும் வயதைச் சொல்ல முடியாது. ஆகவே அணைக்கு அனுமதி தருபவர்கள் ஆற்றில் எத்தனை மீன் என்று கேட்பதோடு நிற்காமல், அவற்றில் இளையவை எத்தனை என்றும் கேட்க வேண்டும்.