நாய்க்குட்டிக்கு நற்பழக்கம்

அல்சூரில் நம்மவர் பலர் வாழ்வது வாடகை வீடுகளில். முற்றமும் தோட்டமும் சிலர்க்கே வாய்க்கும். ஆயினும் நாய்க்குட்டி வளர்க்க வேண்டுமென்னும் ஆசை குழந்தைகளை விடுவதில்லை. பொமரேனியன், பக், ஷிட்சூ போன்ற சிற்றினக் குட்டியொன்று வீட்டுக்கு வருகிறது. பத்து நாளில் கூடமெங்கும் ஈரம். வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். அண்டை வீட்டார் மூக்கைப் பொத்துகின்றனர். முடிவில், ஆசையோடு வாங்கிய குட்டியைத் தெருவில் விட்டுவிடும் கொடுமையும் நிகழ்கிறது. குற்றம் குட்டியினுடையதா? அன்று, அதற்குக் கற்பிக்காத நம்முடையதே.

முதலில் குட்டியின் இயல்பை அறிதல் வேண்டும். சிற்றின நாயின் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்திற்கு மேல் அடக்க இயலாது. விழித்தவுடன், உண்டவுடன், விளையாடி முடித்தவுடன் அதற்கு வெளியேற வேண்டியிருக்கும். அந்த வேளைகளில் நாமே முந்திக்கொண்டு உரிய இடத்திற்குத் தூக்கிச் செல்ல வேண்டும். இரவிலும் ஒரு முறையேனும் எழுதல் நலம். உணவை நாள் முழுதும் தட்டில் விட்டுவைக்காமல், நாளுக்கு மூன்று நான்கு வேளை குறித்த நேரத்தில் இட்டால், கழிக்கும் நேரமும் ஒழுங்குபடும்.

உரிய இடம் எது? தடுப்பூசிகள் முடியும் வரை தெரு ஆகாது. பார்வோ என்னும் கொடிய நோயின் கிருமி மண்ணில் பல மாதம் உயிர்த்திருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசிகள் ஏறத்தாழ பதினாறாம் வாரம் வரை தொடரும். அதுவரை மாடியிலோ, குளியலறை மூலையிலோ பழைய செய்தித்தாளை விரித்து, அங்கேயே பழக்குக. பின்னர் தாளைச் சிறிது சிறிதாக வாயிற்புறம் நகர்த்தலாம். நாய் தான் உறங்கும் இடத்தை அசுத்தம் செய்ய விரும்பாது. ஆதலால், நம் கண் பார்வை இல்லாத சிறு பொழுதுகளில், படுத்துத் திரும்புமளவே இடமுள்ள பெட்டியில் அதை விடுவது துணை செய்யும்.

அடுத்தது சொல். நம் இல்லங்களில் பாட்டி தமிழில் அழைப்பார். பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவர். பக்கத்து வீட்டார் கன்னடத்தில் கொஞ்சுவர். குட்டி யாரைக் கேட்கும்? ‘வெளியே’ என்னும் ஒரே சொல்லை வீட்டார் அனைவரும் வழங்குக. உரிய இடத்தில் கழித்த அந்த நொடியிலேயே தின்பண்டத் துணுக்கொன்றை ஈந்து பாராட்டுக. ஓர் ஒலியையும் உணவையும் தொடர்ந்து சேர்த்து அளித்தால், அவ்வொலி கேட்ட அளவில் நாயின் வாயில் நீர் ஊறும் என்று காட்டியவர் ரஷ்ய அறிஞர் பாவ்லோவ். சொல்லும் செயலும் பரிசும் இணைந்தால் பழக்கம் பிறக்கும்.

தவறிய இடத்தில் அதன் மூக்கைத் தேய்ப்பதும், கோலால் அடிப்பதும் அறிவீனம். சிறிது நேரத்திற்கு முன் நடந்ததற்கு இப்போது அடி விழுகிறது என்று குட்டிக்குப் புரியாது. அது கற்பது அச்சம் ஒன்றையே. அஞ்சிய குட்டி கட்டிலடியில் மறைந்து கழிக்கும். அதட்டியவுடன் நின்ற இடத்திலேயே சிறுநீர் விடுவதும் உண்டு. விலங்குகளை அடித்துத் துன்புறுத்துவதும், பசி தாகத்தால் வாடுமாறு கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டம் பிறக்க மாநிலங்களவையில் முதற்குரல் கொடுத்தவர் நம் கலாக்ஷேத்திரத்தின் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

ஈரப்பட்ட இடத்தை வினிகர் கலந்த நீராலோ, நொதி கலந்த துப்புரவு நீராலோ துடைத்திடுக. மணம் எஞ்சினால் குட்டி மீண்டும் அங்கேயே செல்லும். அம்மோனியா கலந்தவை சிறுநீர் மணத்தையே நினைவூட்டும். பினாயில் பட்ட காலை நக்கினால் குட்டிக்குத் தீங்கு.

சிற்றினக் குட்டி முழுதும் பழக ஆறு மாதமும் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். இடையில் தவறினால் மனம் தளர வேண்டா. தெருவில் உலவச் செல்லும் காலம் வந்தபின், கையில் ஒரு தாளும் எடுத்துச் சென்று, அது கழித்ததை அகற்றி வருக. பல மொழியினர் கூடி வாழும் ஊரில், நம் வீட்டு நாயின் ஒழுக்கமும் நம் ஒழுக்கமாகவே எண்ணப்படும்.