முன்பணம் கட்டிய சாப்பாடு: டிஸ்னி பயணத்தில் யாருக்கு லாபம்?

அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரை ஒட்டியுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்தோடு போகத் திட்டமிடுபவர்கள், விடுதி அறையையும் நுழைவுச்சீட்டையும் பதிவு செய்த கையோடு இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாட்டுக்கும் இப்போதே பணம் கட்டிவிடலாமா? பலர் அந்த இடத்தில் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் டாலர் போய்க்கொண்டிருக்கும்போது, இதுவும் சேர்ந்து முடிந்துவிட்டால் அங்கே போய்க் கவலையில்லாமல் இருக்கலாமே என்ற எண்ணம்தான்.

கட்டும் தொகையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 2024-ஆம் ஆண்டு விலைப்படி 'டிஸ்னி டைனிங் பிளான்' பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 94.28 டாலர், 3 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைக்கு 29.69 டாலர். 10 வயது நிரம்பிவிட்டால் டிஸ்னியின் கணக்கில் பெரியவர். அப்பா, அம்மா, 11 வயது மகள், 6 வயது மகன் என்று நான்கு பேர் ஐந்து இரவு தங்கினால் 1,562.65 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 1.3 லட்சம் ரூபாய். இது சாப்பாட்டுக்கு மட்டும், டிப்ஸ் தனி. அதன் பிறகு விலை கூடியிருக்கிறது. ஆனாலும் இங்கே சொல்லப்போகும் கணக்குமுறை எந்த ஆண்டு விலைக்கும் பொருந்தும்.

இந்தத் திட்டம் இப்போதைய வடிவில் 2005-இல் தொடங்கியது. ஆரம்பத்தில் முதலில் பரிமாறும் சிறுபதார்த்தமும் டிப்ஸும்கூட அதில் அடங்கியிருந்தன. 2008-இல் இரண்டும் நீக்கப்பட்டன. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பூங்காக்கள் மூடப்பட்டபோது நின்றுபோன திட்டம், 2024 ஜனவரி 9 அன்று திரும்பி வந்தது. டிஸ்னியின் சொந்த விடுதிகளில் தங்குபவர்களுக்கு மட்டுமே இது கிடைக்கும்.

பணம் கட்டினால் கிடைப்பவை 'கிரெடிட்'கள். விடுதி மெஸ்ஸில் மாதத் தொடக்கத்தில் வாங்கிவைக்கும் சாப்பாட்டு டோக்கன் மாதிரிதான். டைனிங் பிளானில் ஒவ்வோர் இரவுக்கும் ஆளுக்கு உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் ஒரு வேளை, கவுன்ட்டரில் வாங்கிச் சாப்பிடும் இடத்தில் ஒரு வேளை, ஒரு நொறுக்குத் தீனி, தவிர விடுதியில் மட்டும் மீண்டும் மீண்டும் பானம் நிரப்பிக்கொள்ளும் ஒரு கோப்பை. 2024-இல் 57.01 டாலர் (குழந்தைக்கு 23.83) விலையிருந்த 'குயிக் சர்வீஸ்' பிளானில் உட்கார்ந்து சாப்பிடும் வேளை கிடையாது, இரண்டு வேளையும் கவுன்ட்டர்தான். காலை உணவு என்று தனியாக எதுவும் இல்லை. இருப்பதை வைத்து எந்த வேளைக்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம்.

கிரெடிட் இரவுக் கணக்கில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து இரவு, ஆறு பகல் என்றால் ஆளுக்கு ஐந்து நாள் கிரெடிட்தான். முதல் நாள் மாலை வந்து, கடைசி நாள் காலை கிளம்புபவர்களுக்கு அது சரியாக இருக்கும். முதல் நாள் காலையிலேயே வந்து இறங்குபவர்களுக்கு ஒரு நாள் சாப்பாடு கைக்காசு. எல்லாக் கிரெடிட்டும் அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு காலாவதி. மிச்சம் இருந்தால் பணம் திரும்ப வராது.

இனி அசல் கணக்கு. எளிதாக இருக்கட்டும் என்று குயிக் சர்வீஸ் பிளானை முதலில் எடுத்துக்கொள்வோம். பூங்காக் கவுன்ட்டரில் ஒரு பிரதான உணவு ஏறத்தாழ 12 முதல் 17 டாலர். குளிர்பானத்தோடும் 6.5 சதவீத விற்பனை வரியோடும் சேர்த்தால் 20, 21 டாலர் ஆகும். இரண்டு வேளைக்கு 42, நொறுக்குத் தீனிக்கு 6, கோப்பையின் விலையை நாட்களுக்குப் பிரித்தால் 4. மொத்தம் 52. பிளானின் விலையோ 57. எல்லாவற்றையும் முழுதாகப் பயன்படுத்தினாலும் பெரியவருக்கு 5 டாலர் கூடுதல் செலவு. கவுன்ட்டர் உணவகங்களில் ஐஸ் போட்ட குடிநீர் இலவசமாகத் தருகிறார்கள். சாப்பாட்டோடு தண்ணீர் மட்டும் குடித்து, கோப்பையையும் தொடாதவருக்கு உண்மையான செலவு 38 டாலரைத் தாண்டாது. அப்படிப்பட்டவர் நாளொன்றுக்கு 19 டாலரைச் சும்மா விட்டுக்கொடுக்கிறார். ஒவ்வொரு வேளைக்கும் 21 வயது நிரம்பியவருக்கு ஒரு மதுபானம் அனுமதி என்பதால், இரண்டு வேளையும் பீரோ காக்டெயிலோ வாங்குபவருக்குக் கணக்கு தலைகீழாகும். மது அருந்தாத குடும்பத்துக்கு இந்தப் பிளான் கட்டுப்படியாகாது என்பதே என் முடிவு.

உட்கார்ந்து சாப்பிடும் பிளானில் விஷயம் வேறு. அங்கே லாப நட்டம் ஒரே ஒரு கேள்வியில் தொங்குகிறது: அந்த ஒரு டேபிள் கிரெடிட்டை எங்கே செலவழிக்கிறீர்கள்?

மிக்கி, வின்னி தி பூ போன்ற கதாபாத்திரங்கள் சாப்பாட்டு மேசைக்கே வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் உணவகங்கள் இருக்கின்றன. கன்டெம்பரரி விடுதியில் 'ஷெஃப் மிக்கீஸ்', மேஜிக் கிங்டமில் 'கிரிஸ்டல் பேலஸ்', அனிமல் கிங்டமில் 'டஸ்கர் ஹவுஸ்'. இவற்றில் இரவு விருந்து வரியோடு பெரியவருக்கு 70 டாலரை ஒட்டியும், குழந்தைக்கு 45 டாலரை ஒட்டியும் வரும். பிளானில் இதற்கு ஒரு கிரெடிட்தான். எனவே அப்படி ஒரு நாளில் பெரியவருக்கு 70, கவுன்ட்டர் உணவு 20, தீனி 6, கோப்பை 4 என்று 100 டாலர் சாப்பாடு 94 டாலருக்குக் கிடைக்கிறது. குழந்தைக்கு 64 டாலர் சாப்பாடு 30 டாலருக்கு. பெரியவருக்கு ஆறு, குழந்தைக்கு முப்பத்துநான்கு டாலர் மிச்சம்.

அதே கிரெடிட்டைச் சாதாரண உணவகத்தில் கொடுத்தால்? ஒரு சைவப் பிரதான உணவு 22, 25 டாலர். பானமும் இனிப்பும் சேர்ந்து வரியோடு 42. மற்றவற்றைக் கூட்டினால் 72. பெரியவருக்கு நாளொன்றுக்கு 22 டாலர் நட்டம். குழந்தைக்கு மூன்று டாலர் மிச்சம்.

இந்த எண்களை நம் நான்கு பேர் குடும்பத்துக்குப் போட்டுப் பார்த்தால் விவரம் தெளிவாகத் தெரிகிறது. ஐந்து நாளில் இரண்டு வேளை கதாபாத்திர விருந்து, மூன்று வேளை சாதாரண உணவகம் என்றால் மொத்தத்தில் சுமார் 85 டாலர் நட்டம். விருந்து மூன்று வேளையானால் 30 டாலர் லாபம். மகளுக்கு 11 வயதுக்குப் பதில் 9 வயதாக இருந்தால், இரண்டு விருந்திலேயே 46 டாலர் லாபம் வந்துவிடும். ஆக, இந்தத் திட்டத்தின் தலைவிதியை எழுதுவது குழந்தையின் பத்தாவது பிறந்தநாள். பத்து வயதைத் தாண்டிய இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் கதாபாத்திர விருந்துக்குப் போனால் ஒழியக் கையைச் சுடாமல் மீள்வது கடினம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தினமும் மிக்கியைக் கட்டிப்பிடிக்கப் போக மாட்டான்.

இன்னும் சில கண்ணிகள் உண்டு. சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் உணவகமும், டிஸ்னி 'சிக்னேச்சர்' என்று வகைப்படுத்தும் உயர்தர உணவகங்களும் ஒரு வேளைக்கு இரண்டு டேபிள் கிரெடிட் எடுத்துக்கொள்ளும். அதாவது இரண்டு நாள் டேபிள் சாப்பாடு ஒரே வேளையில் போய்விடும். டிப்ஸ் பிளானில் சேராது. 18 முதல் 20 சதவீதம் அங்கே வழக்கம். ஆறு பேரோ அதற்கு மேலோ போனால் பில்லிலேயே 18 சதவீதம் போட்டுவிடுவார்கள். எல்லாம் கட்டியாகிவிட்டது என்று நம்பி உட்கார்ந்தவர், நான்கு பேர் விருந்துக்கு 50 டாலர் டிப்ஸ் கொடுக்கும்போதுதான் திடுக்கிடுவார்.

அதைவிட முக்கியமானது முன்பதிவு. பிளான் வாங்கியதால் மேசை கிடைத்துவிடாது. 60 நாட்களுக்கு முன்பே பதிவு திறக்கும். டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள் அன்றைக்கே பத்து நாள் தங்கல் வரைக்கும் சேர்த்துப் பதிவு செய்யலாம். குழந்தைகளுக்குப் பிடித்த இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. பதிவு செய்துவிட்டுப் போகாமல் விட்டால் பெரும்பாலான இடங்களில் ஆளுக்கு 10 டாலர் அபராதம். ஒரு விருந்து முடிந்து எழ ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். பூங்கா நேரத்தில்தான் அது கழிகிறது. இரண்டு மாதம் முன்பே, எந்த நாள் மாலை ஆறு மணிக்கு எங்கே பசிக்கும் என்று தீர்மானித்துவைக்கும் பொறுமை எல்லாக் குடும்பத்துக்கும் இருக்காது. இல்லாததில் தவறும் இல்லை. ஆனால் அவர்களுக்கு இந்தத் திட்டம் ஒத்துவராது.

நம்மவர்கள் தனியாக யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ இருக்கும் மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் ஆர்லாண்டோ போகிறார். ஒரே பதிவில் உள்ள 3 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரும் ஒரே பிளானை வாங்கியாக வேண்டும் என்பது விதி. முட்டைகூடச் சேர்க்காத, இரவில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்காத பாட்டிக்கும் அதே 94 டாலர்தான். அசைவம், சைவம் என்று விலையில் வித்தியாசம் கிடையாது. இறைச்சி வாங்குபவருக்குக் கிடைக்கும் மதிப்பில் பாதிதான் சைவம் சாப்பிடுபவருக்குக் கிடைக்கும் வேளைகளும் உண்டு. பெரியவர்கள் தனி அறையில் தங்குவதாக இருந்தால், அந்த அறையைத் தனிப் பதிவாகச் செய்து பிளான் இல்லாமல் விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

அவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதும் இல்லை. டிஸ்னியின் ஆர்லாண்டோ பூங்காக்களுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம், மது, அங்கே சூடுபடுத்த வேண்டிய உணவு போன்றவை கூடாது. புளியோதரையும் தயிர்சாதமும் டப்பாவில் தாராளமாகப் போகும். உணவகத்தில் சாப்பிட விரும்பினால், மெனுவில் பச்சை இலைக் குறியுள்ளவை தாவர உணவுகள். 2019 முதல் இந்தக் குறி இருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கென்று தனி மெனு கேட்டு வாங்கலாம். அதில் முட்டை இல்லாதவை எவை என்பது தெரியும். அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள 'சனா' உணவகத்தில் நான் ரொட்டி வகைகளும் தொக்குகளும் சேர்ந்து வரும் தட்டு இந்தியக் குடும்பங்களுக்கு மிகவும் பிடித்தது. பிளான் இல்லாமல் போனால் அதை மட்டும் வாங்கி நாலு பேர் பகிர்ந்து சாப்பிட்டு நிறைவாக எழுந்து வரலாம். பிளானில் அந்தச் சுதந்திரம் குறைவு.

இவ்வளவு கணக்கிருந்தும் ஏன் முன்பணம் நமக்கு இதமாகத் தோன்றுகிறது? பிரெலெக், லோவன்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் எழுதிய கட்டுரை இதற்கு விளக்கம் தருகிறது. பணம் கொடுப்பதே ஒரு வலி; அதை முன்கூட்டியே அனுபவித்து முடித்துவிட்டால், பிறகு வரும் இன்பத்தை இலவசம்போல அனுபவிக்கிறோம். இது பொய்யான இதம் அல்ல. மேசையில் உட்கார்ந்ததும் மெனுவின் வலது ஓரத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் உள்ள நம் அம்மாக்களுக்கு, விலையைப் பார்க்காமல் பிடித்ததைக் கேட்கும் ஐந்து நாள் என்பது பெரிய விஷயம். அதற்காக 85 டாலர் கூடுதலாகப் போனாலும் போகட்டும் என்று ஒரு குடும்பம் தெரிந்தே முடிவெடுத்தால், அதை நான் மதிப்பேன்.

தெரியாமல் கொடுப்பதுதான் வருத்தம். டெல்லாவிக்னா, மால்மென்டியர் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக் கூடங்களுக்கு மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போனார்கள் என்று காட்டினார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆயிற்று. அதே கூடத்தில் பத்து முறைக்கான சீட்டு வாங்கி, ஒரு முறைக்கு 10 டாலர் கணக்கில் போக வழி இருந்தது. நாளைய நம்மைப் பற்றி இன்று நாம் போடும் கணக்கு எப்போதும் தாராளமாகவே இருக்கிறது. வெயிலில் பத்து மணி நேரம் நடந்த குழந்தை, 45 டாலர் பஃபேயில் இரண்டு கரண்டி பாஸ்தா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடும் என்பதைப் பதிவு செய்யும்போது யாரும் நினைப்பதில்லை.

டிஸ்னி உணவகங்களின் மெனுவும் விலையும் எல்லோரும் பார்க்கும்படி அதன் இணையதளத்தில் இருக்கின்றன. பிளான் வாங்கும் முன் ஒரு மாலை உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும் உங்கள் வீட்டில் யார் என்ன சாப்பிடுவார்கள் என்று எழுதிக் கூட்டுங்கள். பிளான் எவ்வளவு தரும் என்று அல்ல, நீங்கள் எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று. ஒன்பது வயதுக்குள் இரண்டு பிள்ளைகள், இரண்டு மூன்று கதாபாத்திர விருந்துக்கு ஆசை, முன்பதிவு செய்யும் பொறுமை ஆகிய மூன்றும் சேர்ந்தால் டைனிங் பிளானை வாங்குங்கள். குழந்தைகளுக்கு இலவசம் என்று டிஸ்னி சலுகை அறிவிக்கும் காலத்தில் இன்னும் நல்லது. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடும், சைவ வீடும், தாத்தா பாட்டியோடு போகும் வீடும் அந்தப் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பசித்தபோது பிடித்ததை வாங்கிச் சாப்பிடுவதே மேல்.